ஒலி மட்டும்

ஆவணி, கடைசி வாரம்

கார் அறுப்பு ஏறக்குறைய முடிந்துவிட்டது. குளத்தில் நடுவே மட்டும் தண்ணீர். அதைச் சுற்றிச் சேறு. சேற்றைச் சுற்றி வெடித்த களிமண். கரைமேல் நின்று பார்த்தால் மூன்றும் மூன்று நிறம். இன்று காலை அந்தச் சேற்றில், போன வாரம் இல்லாத ஒருவன் ஓடிக்கொண்டிருந்தான். மைனாவைவிடக் கொஞ்சம் சின்ன உடம்பு, அதற்குப் பொருந்தாத நீளக் கால், முதுகில் உப்பைத் தூவிவிட்டாற்போல் வெள்ளைப் பொட்டுகள், கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு. பொறி உள்ளான்.

நோட்டில் தேதி, மணி, ‘பொறி உள்ளான் 1’. வேறு என்ன எழுத? ஸ்காண்டிநேவியாவிலிருந்து சைபீரியாவின் கிழக்கு ஓரம் வரை, சதுப்புக் காடுகளில் குஞ்சு பொரிக்கிற பறவை. எடை 60 கிராம் சொச்சம். கொஞ்சம் பெரிய எலுமிச்சம்பழம் ஒன்று அந்த எடை இருக்கும். எந்தச் சதுப்பிலிருந்து கிளம்பியது, வழியில் எங்கெல்லாம் தங்கியது என்பதெல்லாம் அதன் முகத்தில் இல்லை. வந்த களைப்பும் தெரியவில்லை. நேற்றும் முந்தாநாளும் இங்கேயே இருந்ததுபோலச் சேற்றைக் குத்திக்கொண்டிருந்தது.

குளத்தின் பெயரை இந்த நோட்டில் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன். தாமிரபரணியில் 8 அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து 11 கால்வாய்கள், கால்வாய் போகிற வழியெல்லாம் குளங்கள், அதில் ஒன்று. பெயர் வெளியே போனால் என்ன ஆகும் என்பதை மூன்று வருடம் முன்பு பார்த்தாகிவிட்டது. ஒரு பறவையின் படம் எப்படியோ பரவ, அடுத்த ஞாயிறு கரையில் ஆறு கார். ஒருவர் கைபேசியில் அதன் குரலைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். தன் இடத்தில் வேறொருவன் புகுந்துவிட்டான் என்று நினைத்து அது பதறிப் புதரைவிட்டு வெளியே வந்தது. படம் நன்றாகத்தான் விழுந்திருக்கும்.

புரட்டாசி 3

பொறி உள்ளான் 14. கொசு உள்ளான் 9. பவளக்காலி 22, இவை இங்கேயே இருப்பவை. கம்பியில் தகைவிலான் குருவிகள், இந்த வருடத்துக்கு முதல் தடவை. தொலைபேசித் துறையில் இருந்த நாளெல்லாம் கம்பியில் எது உட்கார்ந்தாலும் எனக்குத் தொந்தரவு. இப்போது தொலைபேசிக் கம்பி போய்விட்டது, மின்சாரக் கம்பிதான் மிச்சம். அதில் ஒரு முழத்துக்கு ஒன்றாக இடம் விட்டு உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று நகர்ந்தால் வரிசை முழுக்கக் கொஞ்சம் நகர்ந்து இடைவெளியைச் சரிசெய்துகொள்கிறது.

மடை பார்க்கும் அண்ணாச்சி வந்தார். எழுபத்தைந்து வயது இருக்கும். இளவயதில் கண்ணி வைத்து உள்ளான் பிடித்தவர், அதை மறைப்பதில்லை. “எத்தனை எண்ணுனிய?” என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்காமல் தானே குளத்தைப் பார்த்தார்.

“உள்ளான் தண்ணியப் பாத்து வாரதில்ல தம்பி. சேத்தப் பாத்துதான் வரும். விரக்கடை தண்ணி ஏறுச்சுன்னா சின்னது போயிரும். நாலு விரக்கடை ஏறுச்சுன்னா பெருசும் போயிரும்.”

அவருடைய அளவு விரற்கடை. புத்தகத்தின் அளவு மில்லிமீட்டர். சொல்வது ஒன்றுதான். கொசு உள்ளான் தண்ணீர் மண்ணைத் தொடுகிற ஓரத்தில் ஈரமண்ணைக் குத்தும். பொறி உள்ளான் கணுக்கால் நனைய நிற்கும். கருவால் மூக்கன் வயிறு நனைகிற ஆழத்தில் அலகை முழுக்க விட்டுத் துழாவும். பவளக்காலிக்கு இன்னும் ஆழம் போனாலும் கவலையில்லை. ஒரே குளத்தில் இத்தனை வகை சண்டையில்லாமல் தின்ன முடிவது கால் நீளத்தாலும் அலகு நீளத்தாலும்தான். ஆழப்படுத்துகிறோம் என்று குளத்தைப் பொக்லைன் வைத்துத் தொட்டிபோல் செங்குத்தாக வெட்டினால், தண்ணீர் நிறைய நிற்கும், சரிவு போய்விடும். சரிவு போனால் இந்த விரற்கடைக் கணக்கே இல்லை.

கண்ணியை எப்போது விட்டீர்கள் என்று கேட்டேன். 1972-ல் சட்டம் வந்தது பற்றி ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

“பல்லு போச்சு. அதோட விட்டாச்சு.”

புரட்டாசி 14

இன்று குளத்துக்குப் போகவில்லை. போகத் தேவையும் இருக்கவில்லை. விடியற்காலை பின்கட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது மருதாணி வேலிக்குள்ளிருந்து ‘சக்’.

கொஞ்சம் நேரம் கழித்து இன்னொரு ‘சக்’. இரண்டு கூழாங்கற்களைத் தட்டினால் வருகிற சத்தம். பிளித் நாணல் கதிர்க்குருவி வந்துவிட்டது.

கண்ணால் பார்க்க இதில் ஒன்றும் இல்லை. பழுப்பு என்றால் பழுப்பு. ஒரு புள்ளி இல்லை, ஒரு கோடு இல்லை, பத்துப் பன்னிரண்டு கிராம். பின்லாந்திலிருந்து சைபீரியா வரை கோடையில் கூடு கட்டுகிறது. குளிர்காலத்துக்கு ஏறக்குறைய மொத்த இனமும் இந்தியத் துணைக்கண்டத்துக்கு வந்துவிடுகிறது. பெயரில் இருக்கும் பிளித் என்பவர் எட்வர்டு பிளித், 1841 முதல் கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் அருங்காட்சியகத்தைக் கவனித்தவர்.

கூடு கட்டுகிற இடத்தில் இது ராத்திரி முழுக்கப் பாடும். சும்மா பாடுவதில்லை, அக்கம்பக்கத்துப் பறவைகளின் குரலையெல்லாம் திருடி, ஒவ்வொன்றையும் மூன்று நாலு தடவை சொல்லிப் பார்த்துப் பாடும். அதைக் கேட்பதற்கென்றே நடுராத்திரியில் காட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. இங்கே ஏழு மாதத்துக்கு ஒரே ஓர் அசை. சக். பாடும் பறவை என்று வகைப்படுத்திய ஒன்று நம் வேலிக்கு வந்து வாயைக் கட்டிக்கொள்கிறது. இணை சேரவும் கூடு கட்டவும் இடம்பிடிக்கத்தான் பாட்டு. இங்கே அந்த வேலை இல்லை. இந்த மருதாணி என்னுடையது என்று பக்கத்து முருங்கைக்காரனுக்குச் சொல்ல ஓர் அசை போதும். பங்குனி, சித்திரையில் கிளம்புமுன் சில நாள் தொண்டைக்குள்ளேயே முணுமுணுத்துப் பார்க்கும். அது பாட்டு ஆகாது, ஒத்திகை. கச்சேரிக்கு நாம் இல்லை.

முதலில் இதில் எனக்கு ஒரு வருத்தம் இருந்தது. சிறப்பெல்லாம் அங்கே, மிச்சம் இங்கே என்று. இப்போது அப்படித் தோன்றவில்லை. கல்யாண வீட்டில் பார்த்த ஆளை நமக்குத் தெரியும் என்று சொல்ல முடியுமா? அடுப்படியில், கடையில், வேலைக்கு நடுவே பார்த்தால்தான் ஆள் தெரியும்.

புரட்டாசி 21

பம்பாய் அண்ணாச்சியும் நடக்க வந்தார். எங்கள் தெருவில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறோம். அங்கே 35 வருடம் இருந்துவிட்டு ஊருக்கு வந்தவர். கரையில் உடைமரத்தின் தனிக்கிளையில் பழுப்புக் கீச்சான் இருந்தது. கண்ணில் கறுப்புப் பட்டை, முகமூடிக் கொள்ளைக்காரன்போல. போன வருடமும் அதே மரம். அதே கீச்சான்தானா என்று வளையம் போட்டிருந்தால்தான் அடித்துச் சொல்ல முடியும். வளையமிட்டுப் பார்த்த இடங்களில், போன குளிர்காலத்தில் பிடித்த அதே தோட்டத்துக்கே கீச்சான்கள் திரும்பி வந்தது தெரிந்திருக்கிறது. அதனால் நான் அதே ஆள் என்று வைத்துக்கொள்கிறேன்.

“வெளிநாட்டுப் பறவையா?”

பத்திரிகைக்காரர்கள் வருடாவருடம் போடுகிற தலைப்பு அது. வெளிநாட்டுப் பறவைகள் வருகை, விருந்தாளிகள் வந்தாச்சு. நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன்.

“எத்தன மாசம் இருக்கும்?”

“இப்ப வந்தா ஏப்ரல் வரைக்கும் இருக்கும் அண்ணாச்சி.”

“அங்க?”

“மூணு மாசம், கூடிப்போனா நாலு. மிச்சம் வழியில.”

அவர் விரலை மடக்கினார். “அப்பம் இதுல என்னவே வெளிநாடு? அங்க பேறுகாலத்துக்குப் போயிட்டு வருது.”

கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு, கேட்காமலே சொன்னார்: “நான் முப்பத்தஞ்சு வருசம் அங்க கெடந்தேன். ரேசன் கார்டு அங்க, ஓட்டு அங்க, ரெண்டு பிள்ளையளும் அங்கதான் பொறந்துச்சு. ஊரு எதுன்னு எவனாவது கேட்டா ஒரு நாளும் பம்பாய்னு வாயில வந்ததில்ல.”

இரண்டு கணக்கும் எதிரெதிராக நிற்கின்றன. மாதத்தை எண்ணினால் கீச்சான் இந்த ஊர்க்காரன். பிறப்பை எண்ணினால் அந்த ஊர். அண்ணாச்சிக்கும் அதே கணக்குதான், விடை மட்டும் அவர் விருப்பப்படி. நான் நோட்டில் ‘பழுப்புக் கீச்சான் 1, வழக்கமான கிளை’ என்று எழுதினேன்.

ஐப்பசி 5

ராத்திரி லேசான தூறல். காலை ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓடிவந்தாள். “தாத்தா, மாடிப்படியில ஒரு கலர் குருவி விழுந்து கெடக்கு.”

ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, இளநீல மின்னல் தோளில், வால் அடியில் குங்குமச் சிவப்பு, கண்ணில் தீற்றிய கறுப்பு மை. இந்தியில் இதற்கு நவ்ரங் என்று பெயர். ஒன்பது நிறமும் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் எண்ணுகிறேன், ஒரு தடவையும் சரியாக வந்ததில்லை. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டிவிட்டு, ராத்திரியில் பறந்து தெற்கே வருகிறது. விடியும்போது எந்த ஊருக்கு மேலே இருக்கிறதோ அங்கே இறங்குகிறது. அந்த ஊரில் கண்ணாடியும் விளக்கும் இருந்தால் மாடிப்படிதான். ஒவ்வோர் ஐப்பசியிலும் யாராவது ஒருவர் வீட்டில் இப்படி ஒன்று கிடைக்கிறது. கிளி என்பார்கள், மீன்கொத்தி என்பார்கள்.

பிள்ளை தண்ணீர் கொண்டுவந்து வாயில் ஊற்றப் பார்த்தாள். தடுத்தேன், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி, நாலு ஓட்டை, உள்ளே பழைய துணி, மேலே மூடி. இருட்டுதான் மருந்து. மாலை வரை பெட்டியை யாரும் திறக்கக் கூடாது என்றதும் அவளுக்குத் தண்டனைபோல இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேராக இங்கேதான் வந்தாள். ஐந்தரைக்கு வேப்பமரத்தடியில் வைத்துத் திறந்தோம். பெட்டி விளிம்பில் ஏறி நின்றது, குட்டை வாலை மேலும் கீழும் ஆட்டியது, தரையோரமாகப் பறந்து வேலிக்குள் போயிற்று. அவ்வளவுதான். ஆறு மணிக்குக் கூப்பிடும் என்று சொல்லியிருந்தேன். இரண்டு பேரும் காத்திருந்தோம். கூப்பிடவில்லை.

படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. மேலே போய்க்கொண்டிருப்பவற்றை நினைத்துக்கொண்டிருந்தேன். 1960-களில் ஸ்டீபன் எம்லென் என்ற அமெரிக்கர், ராத்திரியில் வலசை போகும் நீலச் சிறுகுருவிகளைக் கோளரங்கத்துக்குள் கொண்டுபோனார். கூண்டு ஒரு காகிதப் புனல்; அடியில் மைத்தட்டு. குருவி எந்தப் பக்கம் போகத் துடித்துத் தாவுகிறதோ அந்தப் பக்கக் காகிதத்தில் மைக்காலின் தடம். இலையுதிர்கால வானத்தைக் காட்டினால் தடமெல்லாம் தெற்கே. பிறகு, வெளி வானத்தையே பார்க்காமல் வளர்ந்த குஞ்சுகளுக்கு, துருவ நட்சத்திரத்துக்குப் பதிலாகத் திருவாதிரையை அச்சாக வைத்துச் சுழலும் பொய் வானம் ஒன்றைக் காட்டினார். அவை திருவாதிரையையே வடக்கு என்று எடுத்துக்கொண்டு, அதற்கு எதிர்த்திசையில் தாவின. ஆக, எது நட்சத்திரம் என்பது பிறவியில் வருவதில்லை. எல்லாம் நகரும்போது நகராமல் நிற்பது எது என்று பார்க்கிற பழக்கம்தான் பிறவியில் வருகிறது.

ஆறுமணிக்குருவி எதைப் பார்த்து வந்ததோ. எங்கள் தெருவில் போன மாதம்தான் புது விளக்குகள் போட்டார்கள். வெள்ளை வெளேரென்று இருக்கிறது. மனுக் கொடுத்துக் கேட்டு வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

ஐப்பசி 12

தீபாவளி. விடிய விடிய வெடி. குளத்துக்குப் போனேன், உள்ளான்கள் எல்லாம் எதிர்க்கரையில் ஒடுங்கிக் கிடந்தன. கூந்தன்குளத்தில் இன்றைக்குச் சத்தம் இருக்காது. நாங்குநேரிப் பக்கம், 1994-ல் சரணாலயமாக அறிவித்த ஊர். ஆனால் அங்கே வெடிப்பதில்லை என்ற கட்டுப்பாடு அரசாங்கம் போட்டது இல்லை. ஊர்க்காரர்கள் தாங்களே வைத்துக்கொண்டது. வீட்டு வாசல் மரத்தில் நாரை கூடு கட்டி, எச்சம் முற்றமெல்லாம் விழுந்து, மீன் நாற்றம் அடித்தாலும் மரத்தை வெட்டுவதில்லை. அந்த நாற்றத்தோடு வருடம் முழுக்க இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

ஐப்பசி 19

வாத்துகள் வந்துவிட்டன. நாற்பது இருக்கும். நீலச்சிறகிகள், வலசை வாத்துகளில் எப்போதும் முந்தி வருகிறவை. நடுக்குளத்தில் முதுகில் அலகைச் செருகி உறங்கிக்கொண்டிருந்தன. பகலெல்லாம் உறக்கம், இருட்டியதும் வயலுக்குப் போய் மேய்ச்சல். பிசானத்துக்கு நாற்றுப் பாவியிருக்கும் நேரம். விவசாயிகள் இவற்றைப் பற்றிச் சொல்வதை நோட்டில் எழுத முடியாது.

புத்தகப் படத்தில் நீலச்சிறகி ஆணுக்குக் கண்ணிலிருந்து பிடரி வரை வெள்ளைப் பிறை இழுத்திருக்கும். மாப்பிள்ளை மாதிரி. இங்கே வந்து நிற்பதில் ஆண் எது பெண் எது என்று தெரியாது. இணைசேரும் காலம் முடிந்ததும் அந்தச் சிறகையெல்லாம் உதிர்த்துவிட்டுப் பெண்ணின் தவிட்டு நிறத்தைப் போட்டுக்கொண்டு வருகிறது; பிறையெல்லாம் திரும்ப வர மாசி பங்குனி ஆகும். இருபது நிமிடம் பைனாகுலரை இறக்காமல் பார்த்தேன். நாற்பது தவிட்டு முதுகுகள்.

பூனைப்பருந்து ஒன்று கோரைக்கு மேலே தாழ வந்தது. குளம் மொத்தமும் எழும்பியது. அந்த இரண்டு மூன்று நொடிதான். விரித்த சிறகின் முன்பாதியில் சாம்பல் கலந்த நீலம், அங்கங்கே பளிச்சென்று. ஆண்கள்! எண்ணத் தொடங்குவதற்குள் சுற்றி வந்து இறங்கி, மறுபடி தவிடு. பருந்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அறுத்த வயலில் வளர்ப்பு வாத்துக் கூட்டமும் ஒன்று மேய்கிறது. வட மாவட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிவந்த குடும்பம். அறுப்பு எங்கேயோ அங்கே கூடாரம். இன்னும் பத்து நாளில் கிளம்பிவிடுவார்களாம். அடுத்து எங்கே என்று கேட்டதற்கு அந்தப் பெண் கையை மட்டும் கிழக்கே காட்டினாள்.

ஐப்பசி, கடைசி நாட்கள்

மழை. ஐந்து நாளாகக் குறிப்பு இல்லை.

ஆங்கிலப் புத்தகங்களில் இந்தப் பயணத்துக்கு இலையுதிர்கால வலசை என்று பெயர். கிளம்புகிற இடத்தை வைத்துச் சூட்டிய பெயர். வந்து சேருகிற இடத்தில் ஓர் இலையும் உதிரவில்லை. ஆடிக் காற்றில் காய்ந்து கிடந்த பொத்தை எல்லாம் ஒரே வாரத்தில் பச்சை ஏறிவிட்டது, ஈசல் பறக்கிறது, புழு இல்லாத இலை இல்லை. கதிர்க்குருவிகளின் கணக்கில் பார்த்தால் இரண்டு கோடைக்கு நடுவே பறக்கிறார்கள். குளிர்காலம் என்ற ஒன்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

கார்த்திகை 4

வெயில் அடித்தது. போய்ப் பார்த்தேன். குளம் பெருகி மறுகால் பாய்கிறது. மூன்று நிறமும் போய் ஒரே நிறம், காபி நிறம். உடைமரங்கள் இடுப்பளவு தண்ணீரில். உள்ளான் ஒன்றுகூட இல்லை. மடை அண்ணாச்சி சொன்ன நாலு விரற்கடை எப்போதோ தாண்டியாயிற்று.

அவரே கலுங்கில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தார். இந்த வருடம் பிசானத்துக்குப் பயமில்லை. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். “ஒங்க ஆளுவளக் காணுமேன்னு பாக்கியளா? எல்லாம் தொழியில நிக்கி, போயிப் பாருங்க.” சேறு கலக்கிப்போட்ட வயல்களில் உண்ணிக்கொக்குகளுக்கு நடுவே நின்றிருந்தன, பொறி உள்ளான்கள், முப்பதுக்கு மேல். டிராக்டர் திரும்ப வரும்போது பறந்து பின்னால் போய் இறங்கின.

கீச்சானின் கிளை தண்ணீருக்கு மேலேதான் இருக்கிறது. ஆளும் இருந்தான்.

தையில் தாமிரபரணிக் குளங்களில் பறவைக் கணக்கெடுப்பு உண்டு; 2011-லிருந்து நடக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் குழுகுழுவாக வருவார்கள். எனக்கு வழக்கமாக இரண்டு குளம் ஒதுக்குவார்கள். அதற்குள் தண்ணீர் கொஞ்சமாவது இறங்க வேண்டும்.

கார்த்திகைத் தீபம்

வீட்டில் விளக்கு ஏற்றிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு குளத்துக்கு வந்தேன். பைனாகுலர் எடுக்கவில்லை. தூரத்தில் கோயில் முன்னால் சொக்கப்பனைக்கு ஓலை கட்டி நிறுத்தியிருந்தது தெரிந்தது. கரையில் யாரும் இல்லை. நிலா இன்னும் மரத்துக்கு மேலே ஏறவில்லை. வெளிச்சம் குறையக் குறையக் குளத்தின் சத்தம் கூடியது: மறுகால் தண்ணீர், தவளை, கோரைக்குள் ஒரு நீர்க்கோழி.

முதலில் தண்ணீரைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு தலைக்கு மேலே காற்றைக் கிழிக்கிற விசில், ஐந்தாறாக, பத்தாக. நீலச்சிறகிகள் மேய்ச்சலுக்குக் கிளம்புகின்றன. அண்ணாந்து பார்த்தேன். வானத்தில் இன்னும் கொஞ்சம் சாம்பல் இருந்தது; கறுப்புக் கோடுகள் அதைக் கடந்ததும் மறைந்தன. ஒரு கூட்டம், இடைவெளி, இன்னொரு கூட்டம். எண்ணிப் பார்த்தேன், பதினேழுக்குமேல் பிடிகொடுக்கவில்லை. கோயில் பக்கம் சொக்கப்பனை பற்றிக்கொண்டு எழும்பியது, பிள்ளைகள் கத்தினார்கள். அந்த வெளிச்சத்துக்கு அப்பாலும் சிறகுச் சத்தம் போய்க்கொண்டே இருந்தது, கிழக்கே, வயல் பக்கம்.

கைபேசி வெளிச்சத்தில் நோட்டை எடுத்தேன். மணி 6.25. நீலச்சிறகி. எண்ணிக்கைக் கட்டத்தில் ‘ஒலி மட்டும்’.